மலை இழந்த மண்

ஹந்தானை என்றதும் பனிமூட்டத்தையும் காதற் பாட்டையும் நினைப்போர் பலர். அதன் அடிவாரத்தில் 1952 முதல் இயங்கிவரும் பேராதனை வளாகத்திலேயே அத்தகையோர் மிகுதி. மத்திய மலைநாட்டுச் சிகரங்களோடு ஒப்பிடின் அது தாழ்ந்த தொடரே. அதன் மேற்கே, கம்பளையிலிருந்து வடக்கு நோக்கி வரும் மகாவலி பேராதனையைக் கடந்து, கண்டி நகரை மேற்கிலும் வடக்கிலும் வளைத்துப் பொல்கொல்லையை அடைகின்றது. தொடரிலிருந்து இறங்கும் ஓடைகள் ஈற்றில் இவ்வாற்றையே சேர்வன. மேலே இழக்கப்படும் மண் கீழே வண்டலாகின்றது. இதனைப் பாடநூல் அறியும். அம்மண்ணை இளக்கியவர் யார் என்பதையே அது அறிய மறுக்கின்றது.

சரிவிற் பயிரிடுவோரின் அறியாமையே மண்ணரிப்புக்குக் காரணமென எழுதுவது வழக்கமாகிவிட்டது. அறியாமையாம்! 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை காட்டவியலாத காட்டையும் தரிசையும் முடிக்குரியதாகக் கொண்டது. ஏக்கர் ஐந்து சிலிங்குக்கு நிலம் விலைபோன காலம் அது. காடு எரிக்கப்பட்டுக் கோப்பி நடப்பட்டது. 1869இல் தோன்றிய இலைநோயாற் கோப்பி அழியத் தேயிலை வந்தது. நிரைகளுக்கிடையே ஒரு புல்லும் நில்லாதவாறு களைவதே நல்ல தோட்டத்தின் அடையாளம் என்பது துரைமாரின் விதி. வெற்றுச் சரிவில் மழை என்ன செய்யும் என்பதை அறிய ஆய்வுகூடம் வேண்டுவதில்லை. மண்வெட்டி பிடித்த கை தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட கூலியின் கைதான்; எங்கே, எவ்வாறு வெட்டுவது என்று தீர்மானித்தது அக்கை அன்று. ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காடுகளை விற்றலாகாதென 1870களில் வந்த தடையும், அவ்வுயரத்தை எட்டாத ஹந்தானைக்கு உதவவில்லை.

பள்ளத்தாக்கின் உழவனுக்கு வயலில் மணல். தோட்டத் தொழிலாளிக்கு லயக் காம்பறா. ஒரே கொள்ளையில் இழந்த இவ்விருவரும் ஒருவரையொருவர் பகைவராகக் காணப் பழக்கப்பட்டனர். 1948இன் குடியுரிமைச் சட்டம் பின்னவனை நாடற்றவனாக்கிற்று. 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தமும் அவனை நிலவுடைமையாளன் ஆக்கவில்லை. 1976இல் பொல்கொல்லை அணை மகாவலி நீரைச் சுரங்கவழியே வறள்வலயத்துக்குத் திருப்பியது. நீரைக் கணக்கிட்டோர், தேக்கத்தின் அடியிற் படியும் வண்டலை அத்துணை அக்கறையோடு கணக்கிட்டதாகத் தெரியவில்லை.

2025 நவம்பரில் டித்வா சூறாவளியின் மழையாற் கண்டி மாவட்டச் சரிவுகள் பல இடிந்தன, மகாவலி கரைமீறிற்று. ஆபத்தான சரிவுகளில் வாழ்வோரை அகற்றுக என்ற குரல் எழுவது இயல்பே. லயங்களுக்கு இடம் தெரிந்தவர் தொழிலாளர் அல்லர் என்பதை மட்டும் அக்குரல் சொல்வதில்லை. இறங்கச் சொல்லப்படுவோர் எந்தக் காணியில் இறங்குவது, அதன் உறுதி யார் பெயரில் எழுதப்படும் என்பதற்கு அகற்றச் சொல்வோர் முதலில் விடை கூறட்டும்.