லலிதாவுக்கு ஒரு வீடு இருந்தது

மார்ச் மாதம் பிறந்தால் மகளிர் தினத்துக்காகப் பொறியியல் கல்லூரிகளில் பேனர் ஏறிவிடும். ஆதித்யா எல்-1 திட்டத்தை இயக்கிய செங்கோட்டை நிகார் ஷாஜி, சந்திரயான்-2 திட்ட இயக்குநராக இருந்த வனிதா ஆகியோரின் படங்களுக்குக் கீழே 'உன்னாலும் முடியும்' என்று எழுதியிருக்கும். நான் கோவையில் மெக்கானிக்கல் பாடம் நடத்துகிறேன். முடியுமா என்ற சந்தேகம் என் மாணவிகளுக்கு வந்து நான் பார்த்ததில்லை. லேத்தில் பசங்களுக்குச் சமமாக நிற்கிறார்கள். கேம்பஸ் நேர்காணல் சமயத்தில் அவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "மேடம், அந்தக் கம்பெனிக்கு பஸ் உண்டா?"

கல்லூரி வாசல் வரை நாம் பாதை போட்டுவிட்டோம். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடம், 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். இரண்டும் நல்ல காரியங்கள். ஆனால் பட்டம் கைக்கு வந்ததும் 'இனி உன் சாமர்த்தியம்' என்று ஒதுங்கிக்கொள்கிறோம்.

இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவரான அ. லலிதாவை எடுத்துக்கொள்வோம். 18 வயதில், கைக்குழந்தையோடு கணவரை இழந்தவர். கிண்டி பொறியியல் கல்லூரியில் மின் பொறியியல் படித்து 1943-இல் முடித்தார். பிறகு கல்கத்தாவில் ஒரு மின் நிறுவனத்தில் சேர்ந்தார். பக்ரா நங்கல் அணைக்கான மின்பாதை வடிவமைப்பில் அவர் பங்கு உண்டு. இதை மன உறுதியின் கதையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். உறுதி இருந்தது, மறுக்கவில்லை. கூடவே, அப்பா அதே கல்லூரியில் பேராசிரியர். கல்கத்தாவில் தங்கச் சகோதரர் வீடு இருந்தது. லலிதா வேலைக்குப் போன நேரத்தில் மகளைப் பார்த்துக்கொள்ள அந்த வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். அந்த வீடு இல்லாவிட்டால் அந்தப் பட்டம் எவ்வளவு தூரம் போயிருக்கும்?

குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வரும் பெண்ணுக்கு ஓசூரிலோ ஒரகடத்திலோ அப்படி ஒரு வீடு கிடையாது. 'பெண்கள் வேண்டாம்' என்று எந்த கோர் கம்பெனியும் எழுதித் தருவதில்லை. "நைட் ஷிப்ட் இருக்கு மேடம், பசங்களா அனுப்புங்க" என்று போனில் முடித்துவிடுகிறார்கள். பெண்கள் இரவில் தொழிற்சாலையில் வேலை செய்யத் தடை விதித்த சட்டப் பிரிவை, சென்னை உயர் நீதிமன்றம் 2000-லேயே செல்லாது என்றது. வீட்டிலிருந்து போய்வர வாகனம் தர வேண்டும் என்ற நிபந்தனையும் அந்தத் தீர்ப்பில் உண்டு. தடை போய்விட்டது, வாகனம்தான் பல இடங்களில் வந்து சேரவில்லை.

'கல்யாணம் ஆனால் நின்றுவிடுவார்கள், பயிற்சி கொடுத்து என்ன பயன்?' என்று முதலாளிகள் கேட்கிறார்கள். நிற்கிறார்கள், உண்மைதான். எதனால் என்று அவர்கள் கேட்பதில்லை. 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் விடுப்பை 26 வாரமாக்கியது. 50 பேர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. கோவையின் பம்ப் பட்டறைகளிலும் பவுண்டரிகளிலும் பாதிக்கு மேல் 50 பேரைத் தொடாத சிறு யூனிட்டுகள் என்பது இங்கே எல்லோரும் அறிந்ததுதான். காப்பக விதி அங்கே எட்டவில்லை. 27-வது வாரம் குழந்தையை யாரிடம் விடுவது?

சிறு முதலாளியின் தலையில் மட்டும் இதைக் கட்டுவது நியாயமில்லை. குறிச்சி சிட்கோ போன்ற ஒவ்வொரு தொழிற்பேட்டைக்கும் பொதுவாக ஒரு காப்பகம், ஷிப்ட் நேரத்துக்கு ஒரு பேருந்து என்று அரசு ஏற்பாடு செய்யட்டும். யூனிட்டுகள் செலவைப் பகிர்ந்துகொள்ளட்டும். இடைவெளி விட்ட பெண் விஞ்ஞானிகள் ஆய்வுக்குத் திரும்ப மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நிதி தருகிறது. ஆலைப் பொறியாளர்களுக்கும் அப்படி ஒரு வழி வேண்டும்.

கல்லூரிகளின் தரவரிசைக்கு எத்தனை மாணவிகள் படிக்கிறார்கள் என்று கணக்குக் கேட்கிறார்கள். பட்டம் வாங்கிப் பத்து ஆண்டு கழித்து அவர்களில் எத்தனை பேர் துறையில் இருக்கிறார்கள் என்றும் கேட்கட்டும். எங்கள் கல்லூரி உட்பட பல கல்லூரிகளுக்கு அந்தப் பதிலை எழுதக் கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சம் வந்தால்தான் கம்பெனிகளிடம் பஸ்ஸைப் பற்றி நாங்களும் பேரம் பேசுவோம்.