ரோடு நகர்ந்தது, ஊர் நகரவில்லை

மதுரையில் வில்லாபுரம் தாண்டி அவனியாபுரம், பெருங்குடி என்று தெற்கே இறங்கும் சாலைக்கு எங்கள் பக்கத்தில் இன்றும் பெயர் அருப்புக்கோட்டை ரோடுதான். இது போய்ச் சேரும் தூத்துக்குடி நெடுஞ்சாலைக்கு முதலில் 45பி என்று எண் கொடுத்தார்கள், பிறகு 38 என்று மாற்றினார்கள். எண் யாருக்கும் மனதில் நிற்கவில்லை. உத்தங்குடியிலிருந்து கப்பலூர் வரை சுமார் 27 கிலோமீட்டருக்குச் சுற்றுச்சாலை வந்தபின், தொலைதூர லாரிகள் ஊருக்குள் நுழையாமல் மண்டேலா நகரிலேயே பிரிந்துவிடுகின்றன. நல்லதுதான். ஆனால் லாரி போன சாலையை அதிகாரிகளும் மறந்துவிடக் கூடாது. பள்ளிப் பிள்ளைகளும் பூக்கூடைக்காரர்களும் விமான நிலையத்துக்கு விரைகிறவர்களும் இதில்தான் போகிறார்கள். நடைபாதையும் வடிகாலும் இங்கேதான் முதலில் வேண்டும்.

இப்போது விமான ஓடுபாதையை 7,500 அடியிலிருந்து 12,500 அடியாக நீட்டும் திட்டத்தால் அடுத்த கேள்வி எழுந்திருக்கிறது: குறுக்கே வரும் சாலையைச் சுற்றித் திருப்புவதா, ஓடுபாதைக்கு அடியில் கொண்டுபோவதா? அடியில்தான் கொண்டுபோக வேண்டும். செலவு கூடும். கூடட்டும். திருப்பிவிட்டால் அந்தச் சுற்றுவழிக்கான டீசலையும் நேரத்தையும் தினந்தோறும் கொடுக்கப்போவது வலையங்குளத்துக்காரரும் காரியாபட்டிக்காரரும்தான்.