கலை வேண்டும், கலைஞரின் மக்கள் வேண்டாமா?

கறுப்பினக் கலைஞர்கள் மேடையில் ஆடலாம், பாடலாம். ஆனால் கறுப்பின மக்கள் பார்வையாளராக உள்ளே வர முடியாது. நியூயார்க்கின் ஹார்லெமில், கறுப்பின மக்கள் நிறைந்து வாழ்ந்த பகுதியிலேயே, 1920களில் காட்டன் கிளப் இப்படித்தான் நடந்தது. டியூக் எலிங்டனின் இசை வேண்டும். அவருடைய மக்கள் வேண்டாம். சாதியை அனுபவித்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல.

அதே லெனாக்ஸ் அவென்யூவில் 1926 மார்ச் 12 அன்று சவாய் நடன அரங்கம் திறக்கப்பட்டது. கட்டணம் செலுத்திய எவரும், எந்த நிறத்தவரும், ஒரே தளத்தில் சேர்ந்து ஆடலாம். வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கு ஓய்வு கிடைக்கும் வியாழன் இரவு அவர்களுடைய இரவாக இருந்தது. உழைக்கும் மக்களின் கால்களில்தான் லிண்டி ஹாப் என்ற நடனம் அங்கே வளர்ந்தது. டிரம்ஸ் கலைஞர் சிக் வெப்பின் குழுவில்தான் எல்லா ஃபிட்ஜெரால்ட் புகழ்பெற்றார். 1937 மே 11 அன்று பென்னி குட்மேன் குழுவோடு நடந்த போட்டியில் வென்றது வெப்பின் குழு. ஆனாலும் 'ஸ்விங் இசையின் மன்னர்' என்ற பட்டம் வெள்ளையரான குட்மேன் பெயரோடுதான் இன்றும் ஒட்டியிருக்கிறது.

சேர்ந்து ஆடுவதை அதிகாரம் விரும்பவில்லை. 1943 ஏப்ரலில் ஒழுக்கக்கேடு என்று குற்றஞ்சாட்டி அரங்கத்தை மூடினார்கள். இரு நிறத்தவரும் கைகோத்து ஆடியதே உண்மைக் காரணம் என்றார்கள் கறுப்பினத் தலைவர்கள். அக்டோபரில் மீண்டும் திறந்தது. 1958இல் நிரந்தரமாக மூடப்பட்டு, குடியிருப்புகளுக்காக இடிக்கப்பட்டது. 2002இல் வைத்த நினைவுப் பலகைதான் இன்று அங்கே மிச்சம்.

ஹார்லெமை ஒட்டிய கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தவர் அண்ணல் அம்பேத்கர். 1946இல் கறுப்பின அறிஞர் டூபாய்ஸுக்கு எழுதிய கடிதத்தில், இரு மக்களின் நிலையும் ஒத்திருப்பதை அவர் சுட்டிக்காட்டினார். சவாயின் கதை நமக்கு அந்நியமானதல்ல.

இசைத்தட்டில் ஒலி மிஞ்சும். யார் உள்ளே வரலாம் என்ற கேள்விக்கு அந்த வாசல் சொன்ன பதில் அதில் பதிவாகாது. ஒடுக்கப்பட்டோரின் கலையைப் போற்றுகிறவர்கள் அவர்களுடைய அரங்கங்களையும் காக்க வேண்டும். இடித்த பிறகு வைக்கும் பலகை மரியாதை ஆகாது.