'சும்மா கிடக்கும் இடம்' உண்மையில் சும்மாவா கிடக்கிறது? கிண்டி வெளிமான் சொல்லும் கணக்கு

கரையான்சாவடி சிக்னலில் ஆவடி ரோட்டுப் பக்கம் திரும்பினாலும் சரி, டிரங்க் ரோட்டில் நேராகப் பூந்தமல்லிக்குப் போனாலும் சரி, கண்ணில் படுகிற மனை விளம்பரங்கள் ஒரே மாதிரிதான். சிஎம்டிஏ அப்ரூவ்டு, உடனே வீடு கட்டலாம், பேங்க் லோன் ரெடி. இப்போது 'மெட்ரோவுக்கு அருகில்' என்ற வரியும் சேர்ந்துவிட்டது. புல்லும் முள்ளுமாகக் கிடக்கும் ஒரு இடத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டால், "அதுவா, சும்மாதான் சார் கிடக்கு" என்பதே வழக்கமான பதில்.

அந்த 'சும்மா'வில்தான் பிரச்சினை இருக்கிறது. சென்னையில் அதற்கு விலை கொடுத்துக்கொண்டிருக்கும் உயிரினம் ஒன்று உண்டு. கரையான்சாவடியிலிருந்து போரூர், கத்திப்பாரா வழியாக ஏறக்குறைய 15 கிலோமீட்டர் போனால் அதைப் பார்க்கலாம். பெயர் வெளிமான். முறுக்கிய கொம்பு இருப்பதால் திருகுமான் என்றும் சொல்வார்கள்.

புள்ளிமான் வேறு, வெளிமான் வேறு

கிண்டி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது புள்ளிமான். அது புதர், மரநிழல், வேலி ஓரம் என எங்கேயும் சமாளித்துவிடும். வெளிமானுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. பெயரிலேயே 'வெளி' இருக்கிறது. திறந்த புல்வெளிதான் அதன் வீடு. தூரத்திலேயே ஆபத்தைப் பார்த்துவிட்டு, மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடித் தப்பிக்கும் பிராணி அது. ஓட இடம் இல்லை, பார்க்க வெளி இல்லை என்றால் அதன் கண்ணும் காலும் வீண். இனப்பெருக்கத்துக்கும் திறந்த வெளி வேண்டும். ஆண் மான்கள் ஆளுக்கொரு துண்டு நிலத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, பெண் மான்கள் வந்து பார்த்துத் தேர்ந்தெடுக்கும். கிட்டத்தட்ட ஒரு சுயம்வரம். புதர் மண்டினால் அந்த மேடை போய்விடும்.

1972 வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலி, யானையோடு வெளிமானும் இருக்கிறது. காகிதத்தில் அதற்குக் கிடைக்கும் பாதுகாப்பில் குறை எதுவும் சொல்ல முடியாது.

505 எப்படி 270 ஆனது?

கிண்டி காடு 1910ல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டபோது சுமார் 505 ஹெக்டேர். 1958ல் ஒரு பகுதி ஐஐடிக்காக மத்திய அரசுக்குப் போனது. 1961க்கும் 1977க்கும் இடையில் சுமார் 172 ஹெக்டேர் கல்வி நிறுவனங்களுக்கும் நினைவு மண்டபங்களுக்கும் பிரித்துக் கொடுக்கப்பட்டது. 1978ல் தேசியப் பூங்காவாக அறிவித்தபோது மீதி இருந்தது 270 ஹெக்டேர்.

ஒன்றைக் கவனியுங்கள். இதில் வில்லன் என்று யாரையும் காட்ட முடியாது. ஐஐடி வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? புற்றுநோய் மருத்துவமனை வேண்டாமா? காந்திக்கும் காமராஜருக்கும் மண்டபம் கூடாதா? ஒவ்வொன்றும் தனித்தனியாக நியாயமான கோரிக்கைதான். வாழிடம் போவது பெரும்பாலும் இப்படித்தான்: கொள்ளையில் அல்ல, நியாயமான கோரிக்கைகளில்.

பிறகு 1980களின் இறுதியில் பூங்காவுக்கும் ராஜ்பவனுக்கும் ஐஐடிக்கும் நடுவே சுவர் வந்தது. ஆக்கிரமிப்பைத் தடுக்கச் சுவர் தேவைதான். ஆனால் ஒரே நிலமாக இருந்தது மூன்று பெட்டிகளாகிவிட்டது. இந்தப் பெட்டியில் புல் காய்ந்தால் அந்தப் பெட்டிக்குப் போய் மேய முடியாது. சிறு கூட்டம் தனியாக அடைபட்டால் உறவுக்குள்ளேயே இனம் பெருகும், நோய் தாங்கும் சக்தி குறையும். ஐஐடி வளாகத்தில் கட்டடங்கள் கூடக் கூட, மானுக்கு எஞ்சுவது மைதானமும் ரோட்டோரப் புல்லும்தான்.

கிண்டி வெளிமான்கள் இயற்கையாக வந்தவையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கவர்னர் வில்லிங்டன் காலத்தில், 1924ல், இங்கே கொண்டுவந்து விடப்பட்டவை என்றே பதிவுகள் சொல்கின்றன. பூங்காவின் பெரும்பகுதி உலர் பசுமைமாறாப் புதர்க்காடு. மான்கள் நம்பியிருப்பது 'போலோ மைதானம்' என்று அழைக்கப்படும் புல்வெளியைத்தான். ஆனால் சமவெளியில் அவை சுதந்திரமாகத் திரிந்த காலம் போய், இன்று வல்லநாடு, கோடியக்கரை, சத்தியமங்கலம் மாதிரி சில இடங்களில்தான் பார்க்க முடிகிறது என்னும்போது, கிண்டிக் கூட்டத்தை 'விருந்தாளி' என்று ஒதுக்கிவிட முடியாது.

மரம் நட்டா நல்லதுதானே?

இங்கேதான் பலருக்கும் இடறும். வெளிமானுக்குக் கட்டடம் ஒரு எதிரி என்றால், தப்பான இடத்தில் வளரும் மரம் இன்னொரு எதிரி.

கோடியக்கரையைப் பாருங்கள். வெளிமானைக் காப்பாற்றவே 1967ல் சரணாலயமானது. அங்கே பிளாட் போட்டு விற்கும் ஆள் இல்லை. ஆனாலும் புல்வெளி சுருங்கியது. காரணம் சீமைக்கருவேலம். அதன் இனிப்பான காயை மாடு தின்கிறது, அங்கே திரியும் குதிரை தின்கிறது, மானும் தின்கிறது. விதை சாணத்தோடு விழுந்து இன்னொரு இடத்தில் முளைக்கிறது. தன் வீட்டை மூடுகிற மரத்தை மானே விதைக்கிறது. ஜேசிபியை விட்டுப் பிடுங்கினால் போதும் என்று நினைப்பவர்கள் அடுத்த மழைக்குப் பிறகு போய்ப் பார்க்க வேண்டும். மண்ணில் கிடக்கும் விதைகள் திரும்ப முளைத்திருக்கும். தொடர்ந்து சில வருஷம் கன்றுகளைப் பிடுங்கினால்தான் புல் திரும்பும். அயல் தாவரங்களை அகற்ற 2022ல் தமிழக அரசு தனிக் கொள்கையே கொண்டுவந்தது. அது நல்ல விஷயம். அகற்றிய இடத்தில் என்ன வரப்போகிறது என்பதுதான் கேள்வி.

அதே 2022 செப்டம்பரில் பசுமைத் தமிழகம் இயக்கம் தொடங்கியது. மாநிலத்தின் காடு மற்றும் மரப் பரப்பை 33 சதவீதமாக உயர்த்துவது இலக்கு. இந்த இலக்கின் எண்ணிக்கை மரத்தை வைத்து. புல்லுக்கு அதில் மார்க் இல்லை. கன்று நட இடம் தேடும் அதிகாரிக்கு முதலில் கண்ணில் படுவது எது? மரம் இல்லாத, கட்டடம் இல்லாத, வழக்கு இல்லாத இடம். அதாவது சும்மா கிடக்கும் இடம்.

நைரோபியிலும் இதே கதை

நகரத்தை ஒட்டியே வனவிலங்குப் பூங்கா உள்ள இன்னொரு ஊர் கென்யாவின் நைரோபி. அங்கே பூங்கா கிண்டியைவிடப் பல மடங்கு பெரியது, 117 சதுர கிலோமீட்டர். ஆனால் விலங்குகள் பூங்காவை மட்டும் நம்பி வாழவில்லை. மழைக்காலத்தில் தெற்கே உள்ள ஆத்தி-கபுட்டேய் சமவெளிக்குப் போய் மேய்ந்துவிட்டு, கோடையில் திரும்பி வரும். அந்தச் சமவெளி தனியார் நிலம். மனை பிரித்தார்கள், வேலி போட்டார்கள், குவாரி வந்தது. 1978ல் அங்கே ஏறக்குறைய 30,000 ஆக இருந்த வில்டபீஸ்ட் மாடுமான்கள், 2011ல் 5,000க்கும் கீழே வந்துவிட்டன. பூங்காவின் எல்லை ஒரு அங்குலம் கூடக் குறையாமல் இருந்தாலும் இது நடந்திருக்கும். வெளியே இருந்த 'சும்மா' நிலம்தான் உள்ளே இருந்த விலங்கைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

நம்ம ஊர் ரிக்கார்டில் என்ன பெயர்?

வருவாய்த்துறை பதிவேட்டில் இப்படிப்பட்ட நிலம் பெரும்பாலும் 'தரிசு' அல்லது 'மேய்க்கால் புறம்போக்கு'. பின்னதில் குறைந்தபட்சம் ஒரு உபயோகம் ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது: ஊர் மாடு மேய. மாடு குறைந்ததும் அந்த உபயோகமும் தீர்ந்துபோனதாக முடிவு கட்டி, பஸ் டிப்போ, குடியிருப்பு, குப்பைக் கிடங்கு என வகை மாற்றம் நடக்கிறது. ஊர்ப் பொது நிலங்களைக் காக்க வேண்டும், ஆக்கிரமிப்புகளை அகற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011லேயே ஜக்பால் சிங் வழக்கில் எல்லா மாநிலங்களுக்கும் சொல்லிவிட்டது.

தேசிய அளவிலும் இதே மொழிதான். புதர்நிலங்களைத் தரிசு வரைபடத்தில் சேர்ப்பது நம் வழக்கம். ஆய்வாளர்கள் எம்.டி. மதுசூதன், அபி வனக் இருவரும் செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணக்கிட்டபோது, இந்தியாவில் சுமார் 10 சதவீத நிலம் இப்படிப்பட்ட இயற்கையான திறந்தவெளி என்று தெரிந்தது. அதில் சரணாலயம், பூங்கா என்ற பாதுகாப்புக்குள் இருப்பது 5 சதவீதத்துக்கும் குறைவு.

இப்போது முடிவு எடுக்க வேண்டிய ஒரு இடம் கிண்டியிலேயே இருக்கிறது. 1946ல் 99 வருஷக் குத்தகைக்கு விடப்பட்ட ரேஸ் கோர்ஸ், சுமார் 160 ஏக்கர். 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து, 118 ஏக்கரைப் பசுமைப் பூங்காவுக்காகத் தோட்டக்கலைத் துறைக்கு ஒதுக்கியது. விவகாரம் கோர்ட்டுக்கும் போனது. அங்கே மால் வராதது நிம்மதிதான். ஆனால் பூங்கா என்றாலே நடைபாதை, செயற்கை நீரூற்று, செல்ஃபி பாயின்ட், வரிசையாக மரக்கன்று என்று பழகிவிட்டோம். அதில் ஒரு கணிசமான பகுதியை நாட்டுப் புல்லுக்கும் மழைநீர் தேங்கும் பள்ளத்துக்கும் அப்படியே விட்டுவைக்கலாம். தேசியப் பூங்காவுக்குள் போலோ மைதானத்தை மூடும் புதரை வெட்டுவதையும் வனத்துறை வருடாந்திர வேலையாக, தனி நிதியோடு செய்ய வேண்டும். பசுமைத் தமிழகம் இயக்கம் கன்று நடும் முன், 'இது புல்வெளியா?' என்று கேட்கும் ஒரு கட்டத்தைத் தன் படிவத்தில் சேர்த்தால் செலவு ஒன்றும் ஆகாது.

பூந்தமல்லி பக்கம் மனை பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. வில்லங்கச் சான்று பார்க்கிற அதே சமயத்தில், தமிழக அரசின் இணையவழி நிலப் பதிவுச் சேவையில் அந்த சர்வே எண்ணையும், அதை ஒட்டிய எண்களையும் போட்டு 'அ' பதிவேட்டைப் பாருங்கள். பக்கத்து இடம் மேய்க்கால் புறம்போக்கு என்று இருந்தால், புரோக்கர் "நாளைக்கு இங்கே ரோடு வரும் சார்" என்று கை காட்டிய இடம் எது என்று தெரிந்துவிடும். அந்த ரோடு யாருடைய அனுமதியில் வரப்போகிறது என்று தாலுகா ஆபீசில் எழுதிக் கேட்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அதற்குக் கட்டணம் 10 ரூபாய்.