தூரத்தை வகுத்தால் நேரம் வராது

இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே எத்தனை கிலோமீட்டர் என்று தெரிந்தால் போதும், விமானத்தின் வேகமான மணிக்கு 900 கி.மீ.ஆல் வகுத்துப் பயண நேரத்தைச் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. இணைப்பு விமானத்துக்கு எவ்வளவு இடைவெளி விடுவது என்பதைக்கூடப் பலர் இப்படித்தான் முடிவு செய்கிறார்கள். தூரம் மாறாது, வேகம் மாறாது என்று எடுத்துக்கொண்ட கணக்கு இது. இரண்டுமே மாறும்.

முதலில் தூரம். பூமி உருண்டையின் மேல் அளந்தால் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ ஏறக்குறைய 7,800 கி.மீ. 2022 பிப்ரவரி வரை ஃபின்ஏர் நிறுவனத்தின் விமானங்கள் சைபீரியாவைக் கடந்து சுமார் ஒன்பதரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தன. உக்ரைன் போரை அடுத்து ரஷ்ய வான்பரப்பு ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடப்பட்டது. மார்ச்சில் சேவை மீண்டும் தொடங்கியபோது விமானம் வட துருவம் வழியாகச் சுற்றிப் போனது. பயணம் சுமார் 13 மணி நேரமாயிற்று. போர்க்காலத்தை வைத்து வாதிடுவது சரியா என்று கேட்கலாம். மூடிய எல்லை எதுவும் இல்லாத வட அட்லாண்டிக்கிலும், அன்றைய காற்றைப் பார்த்து வான்பாதைகளை நாளுக்கு இருமுறை புதிதாக வகுக்கிறார்கள். அளந்து சொல்லும் தூரமும் பறக்கும் தூரமும் அமைதிக் காலத்திலும் ஒன்றல்ல.

அடுத்தது வேகம், வாதத்தின் உயிர்நாடி இதுதான். 900 என்பது சுற்றியுள்ள காற்றைப் பொறுத்து விமானம் நகரும் வேகம். தரையைப் பொறுத்த வேகம் அல்ல. வட அட்லாண்டிக்கின் மேல், சுமார் 10 கி.மீ. உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் ஸ்ட்ரீம் என்ற வேகமான காற்றோட்டம் ஓடுகிறது. குளிர்காலத்தில் அது மணிக்கு 200 கி.மீ. வேகத்தைத் தாண்டுவது சாதாரணம். 2020 பிப்ரவரியில் அந்தக் காற்று அசாதாரணமாக வலுத்திருந்த ஓர் இரவில், நியூயார்க்கிலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 விமானம் 4 மணி 56 நிமிடத்தில் லண்டனில் இறங்கியது. தரையை வைத்து அளந்தால் அதன் வேகம் மணிக்கு 1,300 கி.மீ.க்கு மேல் போனது. ஆனாலும் ஒலியின் வேகத்தை அது மீறவில்லை, ஏனென்றால் காற்றே அதைச் சுமந்து சென்றது. இதே தடத்தில் எதிர்த்திசையில் போக ஏழு மணி நேரத்துக்கு மேல் பிடிப்பது வழக்கம்.

போகும்போது இழப்பதை வரும்போது பெற்றுவிடலாம், சராசரி சரியாகத்தானே இருக்கும் என்பார்கள். இராது. 5,500 கி.மீ. தூரத்தை 200 கி.மீ. காற்றில் கணக்கிடுவோம். பின்காற்றில் 1,100 வேகம், 5 மணி நேரம். எதிர்காற்றில் 700 வேகம், 7 மணி 51 நிமிடம். இரண்டும் சேர்ந்து 12 மணி 51 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் 12 மணி 13 நிமிடம்தான். எதிர்காற்றுக்குள் விமானம் அதிக நேரம் சிக்கியிருப்பதால், அங்கே இழப்பது எப்போதும் கூடுதல்.

பூமி சுழல்வதால் மேற்கே போகிறவருக்கு ஊர் தானே எதிரே வந்துசேரும் என்ற பேச்சையும் தள்ளிவிடலாம். காற்றும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது. கால அட்டவணையில் ஒரே நேரம் அச்சிட்டிருக்கிறதே என்றால், அந்த எண்ணில் ஓடுபாதை வரை ஊர்ந்து போவதும் தரையிறங்கிய பின் நிறுத்துமிடம் தேடிப் போவதும் அடங்கும். திசைக்கும் பருவத்துக்கும் தக்கபடி நிறுவனங்கள் அதை மாற்றவும் செய்கின்றன. வயதான பெற்றோரை இரண்டு விமானம் மாறி வரச் சொல்கிறவர்கள், அந்தத் திசைக்கு, அந்த மாதத்துக்கு அட்டவணை சொல்லும் நேரத்தைப் பார்த்துச் சீட்டு எடுக்க வேண்டும்.