சங்கிலியைக் கழற்றுங்கோ, கயிற்றைப் பிடியுங்கோ

யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் பத்து நிமிடம் நடந்தால் நாலைந்து கேற்றிலாவது 'கடி நாய் கவனம்' என்ற பலகையை வாசிக்கலாம். அந்தப் பலகையை மாட்டினவர்களிடம் எங்களுக்கு ஒரு கேள்வி இருக்கிறது. உங்கட நாய் ஏன் கடிக்குது?

இனம் அப்படி, குணம் அப்படி, குட்டியிலேயே முரடு எண்டு ஆளுக்கொரு பதில் வரும். எங்கட பதில் வேற. நாய் ஓடப் பிறந்த பிராணி. நீங்கள் அதை ஆறடிச் சங்கிலியில் மாமரத்தோட கட்டி வைத்திருக்கிறீர்கள். அது உலகத்தைப் பார்ப்பது கேற்றுக்குக் கீழே இருக்கிற நாலு அங்குல இடைவெளியால். அந்த இடைவெளியில் வருகிற ஒவ்வொரு காலும் அதற்குப் புதுக்கால், பயக்கால். கடிக்காமல் என்ன செய்யும்?

இதை எழுதுகிற நாங்கள் ஏழு பேர். எங்களோட ஐந்து நாய்கள். மூன்று ஊர் நாய், ஒன்று லாப்ரடோர் கலப்பு, மற்றது யாரோ உரப்பையில் கட்டிச் சந்தைக்குப் பின்னால் விட்டுப்போன பெட்டைக் குட்டி. கிழமையில் நாலு நாள், விடிய ஐந்தரைக்கு, முற்றவெளியில் தொடங்கிப் பண்ணைக் கடற்கரைப் பக்கமாக ஓடுகிறோம். இரண்டு வருசமாச்சு. இந்த இரண்டு வருசத்தில் எங்களுக்கு விழுந்த கதைகளைச் சேர்த்தால் ஒரு புத்தகமே போடலாம். 'மனிசருக்கே வழியில்லை, நாய்க்கு எக்சசைஸ்.' 'வெளிநாட்டுப் படம் பாத்துக் கெட்டுப்போச்சுதுகள்.' 'நாய் எண்டால் வளவுக்குள்ள கிடக்கவேணும்.' சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் இந்தக் கதைகளுக்குப் பின்னால் நிற்கிற எண்ணங்கள்தான் நாயையும் கெடுக்கின்றன, றோட்டையும் கெடுக்கின்றன. அதனால் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, இது பகட்டு என்கிற கதை.

எது பகட்டு? சைபீரியாவில் சுக்சி மக்கள் பனியில் வண்டி இழுக்க வளர்த்தெடுத்த இனம் ஹஸ்கி. இரண்டு அடுக்கு மயிர், நாள் முழுக்க ஓடுகிற உடம்பு. அதைப் பெருங்காசு குடுத்து வாங்கி, சித்திரை வெயிலில் கராஜுக்குள் கட்டி வைத்து, வாறவன் போறவனுக்கெல்லாம் நீலக்கண்ணைக் காட்டுகிறீர்கள். அது பகட்டில்லையாம். குதிரை வண்டிக்குப் பக்கத்தில் மைல் கணக்காக ஓடப் பழக்கின இனம் டல்மேசன். அதைக் கூட்டுக்குள் போட்டுப் புள்ளி எண்ணுகிறீர்கள். அதுவும் பகட்டில்லையாம். ஒரு கயிறும் ஒரு சோடிச் சப்பாத்தும் வைத்துக்கொண்டு ஊர் நாயோட ஓடினால் மட்டும் பகட்டு!

இது வெளிநாட்டுப் பழக்கமும் இல்லை. தோட்டத்துக்குப் போகிற அப்புவின் சைக்கிளுக்குப் பின்னால் நாய் ஓடினது இந்த ஊரில்தான். வன்னியில் காட்டுக்குப் போனவர்களுக்கு முன்னால் ஓடினதும் நாய்தான். கிடுகு வேலி இருந்த காலத்தில் வேலியில் ஒரு பொட்டு இருக்கும். நாய் அதால போய், நாலு ஒழுங்கை சுற்றி, தன்ர அலுவலை முடித்துக்கொண்டு திரும்பி வரும். பிறகு மதில் வந்தது. பொட்டு போனது. அந்த இடத்துக்குச் சங்கிலி வந்தது. எங்கட நாயின் வாழ்க்கையில் புதுசாக வந்தது சங்கிலிதான், ஓட்டம் இல்லை. பொட்டுக் காலத்துக்குத் திரும்பிப் போகச் சொல்லவும் இல்லை. இன்றைக்கு றோட்டில் போகிற ரிப்பருக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் நாயை அவிழ்த்துவிடுவது கொலைக்குச் சமம். அதனால்தான் கயிற்றில், எங்கட கையில், எங்களோட ஓட்டம் என்கிறோம்.

இரண்டாவது, காவல்.

இந்தக் கதையை நாங்கள் லேசாகத் தள்ள மாட்டோம். இரவில் நாய் குரைக்கிற திசையை வைத்து யார் எந்த ஒழுங்கையால் வருகினம் எண்டு கணித்த சனம் நாங்கள். 1995 ஐப்பசி முடிவில் ஊரோட வெளிக்கிட்டபோது வாசலில் விட்டுவந்த நாயைப் பற்றிச் சொல்லும்போது இன்றைக்கும் குரல் மாறுகிற அம்மாமார் எங்கட வீடுகளில் இருக்கினம். 2011 இல் கிறீஸ் பூதம் எண்டு ஊர் கலங்கினபோதும், அதற்குப் பிறகு வாள்களோட பெடியள் திரிந்தபோதும் நாயை நம்பித்தான் கண் மூடினோம். பயம் உண்மை. காவல் தேவை என்பதும் உண்மை.

ஆனால் கட்டிப்போட்ட நாய் காவல் செய்யுமா? பால்காரனுக்கும் குரைக்கும், பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் குரைக்கும், காற்றில் பறக்கிற சொப்பிங் பைக்கும் குரைக்கும். நாள் முழுக்கக் குரைக்கிற நாயின் சத்தத்துக்கு யார் எழும்புகினம்? 'சும்மா கிடவடா' எண்டு கட்டிலில் கிடந்தபடி கத்துவதோட சரி. எங்களோட ஓடுகிற நாய்களுக்கு அந்தச் சுற்றுவட்டாரம் தெரியும். மீன்காரரின் ஹோர்ன் தெரியும், முன்வீட்டு அன்ரியின் நடை தெரியும். தெரிந்ததுக்கு வாலாட்டும், தெரியாததுக்குக் காது நிமிர்த்தும். அது குரைத்தால் நாங்கள் எழும்பிப் பார்க்கிறோம். குட்டி பிறந்து மூன்றாம் கிழமையிலிருந்து ஏறக்குறைய மூன்று மாதம் வரைக்கும்தான் அது உலகத்தைப் பயமில்லாமல் பழகுகிற காலம். அந்தக் காலம் முழுக்க மரத்தோட கட்டி வைத்துவிட்டு, பிறகு 'விசர்க் குணம்' எண்டு நாயைப் பழி சொல்லாதேங்கோ.

மூன்றாவது கதையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் எல்லாருக்கும் தெரியும். பூட்டின வீட்டு நாய்.

வீட்டுக்காரர் ஜேர்மனியில். இங்கே மாடி வீடு, மாபிள் பதித்த போட்டிக்கோ, அதில் கட்டின ஒரு அல்சேசன். பின்னேரத்தில் ஒருவர் வந்து சோறு போட்டுத் தண்ணி வைத்துவிட்டுப் போவார். மற்ற இருபத்திமூன்றரை மணித்தியாலமும் அந்த நாய்க்குப் பேச்சுத் துணை பல்லி. இதே மாமா ஜேர்மனியில் தன்ர நாய்க்கு மழைக்கோட்டு மாட்டி, குளிரில் கையில் பையோட இரண்டு நேரமும் நடக்கிறார். படமும் போடுகிறார். அங்கே 2022 தையிலிருந்து நாயைக் கட்டிவைத்து வளர்ப்பதே சட்டப்படி தடை. வெளியில் கூட்டிப்போய் நடமாட விடுவதும் கடமை. அங்கே சட்டத்துக்குப் பயந்து செய்வதை இங்கே மனசுக்குப் பயந்தாவது செய்யலாமே மாமா? சோறு போடுகிறவருக்கு இன்னுமொரு மணித்தியாலக் கூலி குடுத்து நாயை நடத்தச் சொல்லுங்கோ. போட்டிக்கோ மாபிளுக்குப் போன காசில் எத்தனை வருசக் கூலி கொடுத்திருக்கலாம் எண்டு ஒருக்காக் கணக்குப் போட்டுப் பாருங்கோ. ஏலாதென்றால் நாயை விட்டுவிட்டுக் கமராவைப் பூட்டுங்கோ. கமராவுக்குத் தனிமை தெரியாது.

எங்களோட ஓடுகிறவர்களில் நாலு பேர் பெண்கள். ஒரு பெட்டை தனியே ஓடினால் இந்த ஊர் என்ன செய்யும் என்று விளக்கத் தேவையில்லை. மோட்டச்சைக்கிள் மெதுவாகும், ஹோர்ன் அடிக்கும், ஒரு பகிடி விழும். அதே பெட்டை, அதே றோட்டு, கையில் கயிறு, கயிற்றின் மற்றத் தொங்கலில் முப்பது கிலோ லாப்ரடோர் கலப்பு. மோட்டச்சைக்கிள் மரியாதையாக விலத்திப் போகும். நாயால் எங்களுக்குப் பாதுகாப்பு எண்டு கொண்டாடச் சொல்லுவினம். கொண்டாட மாட்டோம். ஒரு பெண்ணின் 'வேண்டாம்' என்ற சொல்லுக்கு இல்லாத மதிப்பு ஒரு நாயின் பல்லுக்கு இருக்கிற றோட்டு வெட்கப்பட வேண்டிய றோட்டு. அந்த வெட்கம் தீரும் மட்டும் நாயும் எங்களோட ஓடும். அவ்வளவுதான்.

இனி எங்கட பக்கத்து ஆட்களுக்கும் சில வார்த்தை. நாய்ப் பிரியர்கள் எல்லாரும் நல்லவர்கள் இல்லை. 'அவன் ஒண்டும் செய்ய மாட்டான்' எண்டு சொல்லிக்கொண்டு கயிறில்லாமல் ஓட விடுகிறவர்களைக் கண்டால் எங்களுக்கும் ஆத்திரம்தான். விடிய நாலரைக்கு மரக்கறி கட்டிக்கொண்டு சந்தைக்குச் சைக்கிள் உழக்குகிறவரின் சில்லுக்குள் உங்கட நாய் பாய்ந்தால் அவருடைய அன்றைய உழைப்புப் போச்சு. நாய்க்குப் பயந்த பிள்ளைகள் இருக்கினம். நாய் தீண்டினால் மறுபடி கழுவ வேண்டும் என்கிற வழக்கமுள்ள அயலவர்களும் இருக்கினம். அவர்களுக்கு வழி விட வேண்டியது நாங்கள். பீயை அள்ளுகிற பை இல்லாமல் கேற்றைத் திறக்கவே கூடாது.

நாயைக் காப்பாற்றுவதாக நினைத்துக் கொல்லுகிறவர்களும் இருக்கினம். எங்களைப் போல் நாய்க்கு உடம்பு முழுக்க வேர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வேர்க்கும், மிச்சச் சூடு முழுக்க நாக்காலதான் வெளியேறவேணும். அதன் உடம்புச் சூடு சாதாரணமாக 38, 39 பாகை செல்சியஸ். 41 ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. எங்கட வெக்கையில் அது கனதூரம் இல்லை. ஆகவே விடியற்காலை, இல்லாட்டி பொழுதுபட்டு தார் ஆறின பிறகு. புறங்கையைத் தாரில் ஏழு செக்கன் வையுங்கோ. உங்களுக்குச் சுட்டால் நாய்க்கும் சுடும். வயிறு முட்டச் சோறு போட்ட கையோட ஓட விடாதேங்கோ. நெஞ்சு ஆழமான பெரிய இனங்களுக்கு வயிறு ஊதித் திருகினால் சில மணித்தியாலத்தில் முடிந்துவிடும். ஒரு வயசு ஆகாத குட்டியை நெடுந்தூரம் இழுக்காதேங்கோ, எலும்பு இன்னும் முற்றவில்லை. மூக்குச் சப்பையான பக் இனத்துக்கு ஓட்டமே வேண்டாம், நடை காணும். நாக்கு நீண்டு தொங்கி, நடை தள்ளாடத் தொடங்கினால் அன்றைய ஓட்டம் அந்த இடத்தில் முடிந்தது. நிழலில் இருத்தித் தண்ணி ஊற்றி நனைத்து, நேராக மிருக வைத்தியரிடம் போங்கோ. ஓடுகிறது நாய்க்காக, உங்கட போனில் ஏறுகிற கிலோமீற்றருக்காக இல்லை.

தடுப்பூசி போடாத நாயோட எங்கட கூட்டத்துக்கு வராதேங்கோ. விசர்நாய்க்கடி நோய் வெளிக்காட்டத் தொடங்கினால் ஏறக்குறைய எல்லாருக்கும் மரணம்தான். அதைத் தடுக்கிற ஊசியோ சுகாதாரப் பகுதியினர் ஊர்களுக்கு வந்து இலவசமாகவே போடுகினம். ஒரு ஊரில் 70 வீதமான நாய்களுக்குப் போட்டால் நோய் பரவுவது நிற்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். றோட்டில் ஒரு நாய் உங்களை நோக்கி வந்தால் ஓட்டத்தை நிற்பாட்டுங்கோ, ஓடினால்தான் துரத்தும். கடித்தால் ஓடுகிற தண்ணியில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. மிளகாய்த்தூளும் வேண்டாம், சுண்ணாம்பும் வேண்டாம்.

றோட்டில் ஏன் இத்தனை நாய் என்று கேட்பவர்கள் தங்கட மதிலுக்குள்ளிருந்து தொடங்கவேணும். கடுவனை வைத்துக்கொண்டு பெட்டையை உரப்பையில் கட்டிச் சந்தையடியில் விட்டது யார்? 2006 இலிருந்து இந்த நாட்டில் தெருநாயைக் கொல்லுவதில்லை என்பது அரசின் கொள்கை. நல்லது. ஆனால் கொல்லாமல் விட்டால் மட்டும் போதாது, கருத்தடையும் ஊசியும் ஒழுங்காக நடக்கவேணும். மிருகவதைக்கு எங்களிடம் இருக்கிற சட்டம் 1907 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். அதில் எழுதின தண்டப்பணத்தின் உச்சம் 100 ரூபா. இன்றைக்கு அந்தக் காசுக்கு ஒரு நாய்ச்சங்கிலி கூட வாங்க ஏலாது. 2006 இல் சட்ட ஆணைக்குழு புதிய சட்டமூலம் ஒன்றை வரைந்து கொடுத்தது. அதற்குப் பிறகு வந்தவர்கள் அதை இழுத்தடித்த கதை ஊருக்கே தெரியும்.

சபைகளிடம் நாங்கள் கேட்பது பெரிய விசயங்கள் இல்லை. நடைபாதையை நடக்க விடுங்கோ. கடைச் சாமானுக்கும் வாகனத்துக்கும் குத்தகைக்குக் குடுக்காதேங்கோ. விடிய ஒரு மணித்தியாலத்துக்கு ஏதாவது ஒரு மைதானத்தின் ஒரு மூலையை வேலி அடைத்து நாய்களுக்கு ஒதுக்குங்கோ. நாய்ப் பதிவையும் தடுப்பூசியையும் கருத்தடையையும் ஒரே நாளில், ஒரே இடத்தில் வைத்துச் செய்யுங்கோ. அதற்கு ஆள் வேணுமென்றால் நாங்கள் ஏழு பேரும் வருவோம்.

மற்றபடி, 'நேரமில்லை' என்பவர்களிடம் வாதாட எங்களுக்கும் நேரமில்லை. அரை மணித்தியாலம். ஓட ஏலாதென்றால் நடவுங்கோ. முதல் கிழமை நாய் உங்களை இழுத்துக்கொண்டு போகும். இரண்டாம் கிழமை கை வலிக்கும். ஒரு மாதத்தில் அது உங்கட காலடிக்கு ஏற்ற மாதிரித் தன்ர காலடியை மாற்றிக்கொள்ளும். எங்கட சந்தைக் குட்டியும் அப்படித்தான் பழகினது. அரை மணித்தியாலத்துக்கும் வழியே இல்லாத வாழ்க்கையென்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நாய் வளர்க்காதேங்கோ.