மெட்ரோனோம்: ஆசிரியரா, அளவுகருவியா?

இசை பயிலும் மாணவரிடையே மெட்ரோனோம் பற்றி இரு கருத்துகள் நிலவுகின்றன. அதை ஓடவிட்டு மணிக்கணக்கில் சாதகம் செய்தால் தாளம் தானாகப் படிந்துவிடும் என்பர் சிலர். அது பாட்டை உயிரற்றதாக்கிவிடும் என்பர் வேறு சிலர். இரு சாராருமே அதை ஆசிரியராக எண்ணிவிட்டனர் என்பேன். அது ஓர் அளவுகருவி, அவ்வளவே.

1815-இல் மெல்ட்செல் காப்புரிமை பெற்ற இக்கருவி உண்மையில் ஓர் ஊசல்தான். (அடிப்படை அமைப்பு ஆம்ஸ்டர்டாமில் வாழ்ந்த வின்கல் என்பவருடையது, அது தனிக் கதை.) நிமிடத்துக்கு 40 தட்டுகள் என்றால் ஒரு தட்டுக்கு 1.5 வினாடி. தனி ஊசலில் இதைப் பெற ஏறத்தாழ 2.2 மீட்டர் நீளம் தேவை. உத்தரத்தில் கட்டித் தொங்கவிட வேண்டியதுதான்! அச்சுக்குக் கீழே ஓர் எடையும் மேலே ஓர் எடையும் வைத்ததால் சாணளவுக் கோலே போதுமானதாயிற்று. மேல் எடையை உயர்த்தினால் அலைவு மெதுவாகும். ஏன் என்று யோசித்துப் பாருங்கள்.

எந்த அளவுகருவியையும் முதலில் சோதிக்க வேண்டுமல்லவா? 60-இல் வைத்துக் கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிடம் எண்ணுங்கள், 300 வரவேண்டும். சாய்வான மேசையில் வைத்தால் ‘டிக்’, ‘டாக்’ இடைவெளிகள் சமமாக இரா.

சரளி வரிசையில் மூன்றாம் காலமே கடினம் என மாணவர் அஞ்சுவர். விரலுக்கு அது சரி. காலக்கணக்குக்கோ நேர்மாறு: இடைவெளி நீள நீள, அதை மனத்தால் கணிப்பதில் பிழையும் வளரும். ஆகவே மெட்ரோனோமை 40-இல் வைத்து, ஒரு தட்டை இரண்டு அட்சரமாகக் கொண்டு முதற்காலத்தில் பாடுங்கள். ஆதி தாள ஆவர்த்தனம் ஒன்றுக்கு நான்கே தட்டுகள் கேட்கும். மற்ற நான்கும் உங்கள் பொறுப்பு.

அடுத்தது இன்னும் கடுமையான சோதனை. கைபேசியில் உள்ள மெட்ரோனோமை 60-இல் ஓடவிட்டு, தட்டுக்கு ஓர் அட்சரமாகப் பாடத் தொடங்குங்கள். நண்பர் ஒருவர் ஒலியை மட்டும் அடக்கி, இரண்டு ஆவர்த்தனம் கழித்துத் திறக்கட்டும். 16 வினாடியில் அரை அட்சரம் முந்தியிருந்தால் பிழை சுமார் 3 சதவீதம். ஆய்வுக்கூடத்தில் செய்வதுபோல் இதைக் குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். பத்து முறையும் ஒரே வரியில்தான் முந்துகிறீர்களா? அவ்வரியை மட்டும் மெட்ரோனோம் இல்லாமல், கையால் தாளம் போட்டுப் பாடுங்கள். பிறகு மறுபடியும் அளந்து பாருங்கள்.